பிக்கப் வண்டிக்கு பிளக் வாங்குறவங்க கேட்டதும் என் பதிலும்

கேள்வி: என்னோடது டீசல் பிக்கப். ரெண்டு கடையில ஸ்பார்க் பிளக் கேட்டேன், இல்லன்னுட்டாங்க. ஆன்லைன்ல வாங்கலாமா?

பதில்: வாங்காதீங்க. டீசல் இன்ஜின்ல ஸ்பார்க் பிளக்கே கிடையாது, அதுல இருக்கறது குளோ பிளக், குளிர்ந்த இன்ஜின் கிளம்ப உள்ள சூடேத்திக் கொடுக்கறது.

கேள்வி: பெட்ரோல் வண்டிக்கு இரிடியம் பிளக் (முனையில இரிடியம் உலோகம் வச்சது) போட்டா இழுவையும் மைலேஜும் கூடும்னு கடைக்காரர் சொல்றார். நம்பலாமா?

பதில்: தேஞ்சு போன பிளக்க எடுத்துட்டு சரியான புது பிளக் எது போட்டாலும் வண்டி நல்லா இழுக்கத்தான் செய்யும், அந்தப் பேரை இரிடியம் தட்டிட்டுப் போகுது, அவ்ளோதான். இரிடியத்துல கிடைக்கற லாபம் ஆயுசு. சாதா நிக்கல் பிளக் 30,000ல இருந்து 50,000 கிலோமீட்டர் வரும், நல்ல இரிடியம் 1,00,000 பக்கம் ஓடும். ராம் பிக்கப்ல வர்ற 5.7 லிட்டர் ஹெமி மாதிரி 8 சிலிண்டருக்கு 16 பிளக் இருக்கற இன்ஜின்னா அடிக்கடி கழட்டாம இருக்கறதே பெரிய விஷயம். கம்பெனியில இரிடியம் போட்டு வந்த வண்டிக்கு இரிடியமே போடுங்க.

கேள்வி: பாதி விலைக்கு வருதேன்னு ஆன்லைன்ல 8 இரிடியம் பிளக் வாங்கிப் போட்டேன். மூணே மாசத்துல மிஸ்ஸிங், சிலிண்டர் சரியா பத்தாம வண்டி திணறுது. மெக்கானிக் டூப்ளிகேட்னு சொல்றார், வித்தவர் "யூஸ் பண்ண சாமான் ரிட்டர்ன் கிடையாது"ங்கறார். என் தப்பா?

பதில்: உங்க தப்பு இல்லைங்க. போலிய அச்சு அசலா டப்பாவுல போட்டு வித்தவன் தப்பு. போட்டு ஓட்டிப் பார்த்தாதானே போலின்னு தெரியும், அப்புறம் யூஸ் பண்ணிட்டீங்கன்னு சொன்னா என்ன நியாயம்? எனக்கு இது நடந்திருக்கு, அதனாலதான் இவ்ளோ கோவம் வருது. நானும் விலையப் பார்த்து ஒரு செட் வாங்கினேன், டப்பா பளபளன்னு இருந்துச்சு, ரெண்டாவது வாரமே மேடு ஏறும்போது வண்டி திணற ஆரம்பிச்சுது. கழட்டி வெளிச்சத்துல வச்சுப் பார்த்தா நடுமுனையும் மேல வளைஞ்சிருக்கற கொம்பும் நேருக்கு நேர் இல்ல, ஒரு பக்கமா ஒதுங்கி இருக்கு. பீங்கான்ல இருந்த எழுத்து நகத்தால சுரண்டினதும் உதிருது. போடாம மிச்சம் வச்சிருந்த ஒரு பிளக்குல வாஷரத் தொட்டேன், கையோட வந்துடுச்சு, ஒரிஜினல்ல அந்த வாஷர் சுத்தும், ஆனா லேசுல உருவ வராது.

இதுல காசு மட்டும் போகல. போலி பிளக் சூட்டை ஒழுங்கா கடத்தாது, முனை பழுத்துப் போயி நேரம் தப்பி பத்த வச்சா பிஸ்டனே ஓட்டையாகும். மிஸ்ஸிங்ல எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போயி புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை உருக்கிடும், அதனால இன்ஜின் லைட் விட்டு விட்டு எரிஞ்சா மேற்கொண்டு ஓட்டாதீங்க. டப்பா, பில், கழட்டின பிளக் எதையும் தூக்கிப் போட்டுடாதீங்க. கிட்டத்துல போட்டோ எடுத்து, யார் பேரைப் போட்டு வித்தாங்களோ அந்த ஒரிஜினல் கம்பெனிக்கே அனுப்பி போலின்னு எழுத்துல வாங்குங்க, அதை வச்சு வித்த தளத்துலயும் கார்டு கொடுத்த பேங்க்லயும் புகார் போடுங்க. புகார்ல "பிடிக்கல, ரிட்டர்ன்"னு எழுதாதீங்க, "போலிப் பொருள்"னு எழுதுங்க.

கேள்வி: என்ஜிகே பிராண்டு பிளக்ல 5 நம்பர் கேட்டேன், இல்லன்னு 7 கொடுத்தாங்க. மரை கரெக்டா ஏறுது. போதும்தானே?

பதில்: போதாது. அந்த நம்பர் சூட்டுக் கணக்கு, பிளக் முனையில இருந்து சூட்டை எவ்ளோ வேகமா கடத்தி விடும்ங்கறது. என்ஜிகேலயும் டென்சோலயும் நம்பர் ஏற ஏற பிளக் கூல், பாஷ்லயும் சாம்பியன்லயும் அப்படியே தலைகீழ், அதனால பிராண்டு விட்டு பிராண்டு நம்பரை ஒப்பிடவும் முடியாது. 5 கேக்கற சாதா வண்டியில 7 போட்டா முனை சுத்தமாகாம கரி பிடிக்கும். வண்டியோட மேனுவல்ல பார்ட் நம்பரே இருக்கு, அந்த ஒரு பக்கத்தைப் புரட்டாம கடைக்காரர் கையில கிடைச்சதை வாங்கிட்டு வந்து என்கிட்ட கேக்கறீங்க. மாத்திட்டு வாங்க.

கேள்வி: 2006 ஃபோர்டு எஃப்-150, 5.4 லிட்டர் 3 வால்வு. பழைய பிளக் கழட்டும்போது பாதி உள்ளயே ஒடிஞ்சு நின்னுடுச்சு. முரட்டுத்தனமா கழட்டினேன்னு எல்லாரும் திட்டறாங்க.

பதில்: திட்டறவங்களுக்கு அந்த இன்ஜினைத் தெரியல. அந்தப் பிளக் ரெண்டு துண்டா செஞ்சது, கீழ் உறையைச் சுத்தி கரி இறுகிப் பிடிச்சு ஒடியறது அந்த மாடலுக்கே பேர் போன தொல்லை, ஃபோர்டே கழட்டற முறைய தனியா எழுதி வெளியிட்டாங்க. உள்ள நிக்கற துண்டை எடுக்கறதுக்குன்னே டூல் விக்குது, ஹெட்டை, அதாவது பிளக் ஏறியிருக்கற இன்ஜினோட மேல் பாகத்தை, கழட்டணும்னு யாராவது சொன்னா உடனே ஒத்துக்காதீங்க. இன்னும் கழட்டாத மத்த பிளக்குகளை இன்ஜின் நல்லா ஆறினப்புறம் கால் சுத்துக்கு மேல போகாம தளர்த்தி, கார்ப் கிளீனர் (கார்புரேட்டர் கரியைக் கரைக்கற திரவம்) விட்டு ஊற வச்சு, முன்னயும் பின்னயும் மெதுவா திருகி எடுங்க. புதுசு ஒரே துண்டா செஞ்சதா வாங்குங்க.

கேள்வி: லீக் ஆகக் கூடாதுன்னு மரையில ஆன்டி-சீஸ் கிரீஸ் (மரை ஒட்டிப் பிடிக்காம இருக்கத் தடவறது) தடவி, ஸ்பேனர்ல பைப் சொருகி இறுக்கினேன். மரை போயிடுச்சு. பிளக் கம்பெனி மேல கேஸ் போடலாமா?

பதில்: எதுக்குங்க கேஸ்? அலுமினிய ஹெட்டுல பைப் போட்டு இறுக்கினது நீங்க. கிரீஸ் தடவினா வழுக்கும், அதே பலத்துக்கு இன்னும் அதிகமா இறுகும், முலாம் பூசின பிளக்குக்கு அது தேவையே இல்ல. விரலால முழுசா ஏத்தி, அதுக்கப்புறம் வாஷர் வச்ச புது பிளக்னா அரை சுத்துல இருந்து மூணுல ரெண்டு பங்கு சுத்துக்குள்ள, வாஷர் இல்லாத கூம்பு வகைன்னா 16ல ஒரு பங்கு சுத்துதான். இறுக்கற பலத்தை அளந்து காட்டற டார்க் ரெஞ்ச் இருந்தா மேனுவல்ல போட்டிருக்கற அளவு வைங்க. ஹெட்டைத் தூக்கிப் போடாதீங்க, ஹெலிகாயில்னு ஒரு கம்பிச் சுருள் மரையை உள்ள போட்டு மீட்டுடலாம், ஆனா அதை வேலை தெரிஞ்சவர்கிட்ட விடுங்க.

கேள்வி: புது பிளக் கை தவறி சிமெண்ட் தரையில விழுந்துடுச்சு. வெளிய ஒண்ணும் தெரியல. போடலாமா?

பதில்: போடாதீங்க. உள்ள பீங்கான் கீறியிருந்தா வெளிய தெரியாது.