வார்டு தேர்தலில் ஒரு வேட்பாளரை ஆதரிக்க முடிவெடுக்கும் முன்

கேள்வி: வடசென்னையில், வியாசர்பாடியை ஒட்டிய ஒரு வார்டில் வசிக்கிறோம். வீட்டு வேலை செய்யும் பெண்கள், தூய்மைப் பணியாளர்கள், கல்லூரி மாணவர்கள், இரண்டு வழக்கறிஞர்கள் என ஏறத்தாழ 60 பேர் கொண்ட குழு எங்களுடையது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது ஒன்றுசேர்ந்தோம். இப்போது பிள்ளைகளுக்கு மாலை நேர வகுப்பு நடத்துகிறோம். ரேஷன் அட்டைக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் மனு எழுதித் தருகிறோம். அடுத்த மாநகராட்சித் தேர்தலில் சமத்துவக் கொள்கையில் எங்களுக்கு நெருக்கமான ஒரு வேட்பாளரை வெளிப்படையாக ஆதரிக்கலாமா என்ற பேச்சு எழுந்திருக்கிறது. சட்டப்படி அது சரியா? யாரை ஆதரிப்பது என்பதை எப்படி முடிவு செய்வது? ‘கட்சிக்காரர்கள் ஆகிவிட்டார்கள்’ என்ற பெயர் வந்து குழு உடைந்துவிடுமோ என்ற அச்சமும் இருக்கிறது.

பதில்: தாராளமாக ஆதரிக்கலாம். குடிமக்கள் சிலர் கூடி, இன்ன வேட்பாளருக்கு வாக்களியுங்கள் என்று அண்டை வீட்டாரிடம் கேட்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் ‘எப்போது’ என்ற கேள்வி இல்லை. என் அனுபவத்தில் இத்தகைய குழுக்களின் ஆதரவு பயனற்றுப் போவதற்குப் பெரும்பாலும் அதுவே காரணமாக இருந்திருக்கிறது என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கடந்த முறை நடந்ததை நாள்வாரியாகப் பாருங்கள். மாநிலத் தேர்தல் ஆணையம் 2022 ஜனவரி 26 அன்று தேர்தலை அறிவித்தது. 28ஆம் தேதி வேட்புமனுத் தாக்கல் தொடங்கி, பிப்ரவரி 4 அன்று முடிந்தது. 7ஆம் தேதி மனுக்களைத் திரும்பப் பெறும் நேரம் முடிந்தபின் இறுதிப் பட்டியல் வந்தது. 17ஆம் தேதி மாலை 6 மணியோடு பரப்புரை ஓய்ந்தது. 19 அன்று வாக்குப்பதிவு. களத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்த பிறகு, வாக்காளரிடம் பேசக் கிடைத்தவை பத்தே நாட்கள். அந்தப் பத்து நாட்களுக்குள் வேட்பாளர்களைச் சந்தித்து, குழுவைக் கூட்டி, வாக்கெடுத்து, நோட்டீஸ் அடித்து, தெருத்தெருவாகப் போவது, பகலெல்லாம் வேலைக்குப் போய்வரும் 60 பேரால் முடியாத காரியம். தென்சென்னையில் எனக்குப் பழக்கமான ஒரு குழு, வாக்குப்பதிவுக்கு நான்கு நாட்கள் இருக்கும்போதுதான் தன் முடிவை அறிவித்தது. அந்த நோட்டீஸ் கட்டுகளில் பாதி பிரிக்கப்படவே இல்லை.

அமெரிக்காவில் முற்போக்குக் குழுக்கள் உள்ளூர் வேட்பாளர்களை ஆதரிக்கும் முறையை அங்குள்ள உறவினர்கள் சொல்லக் கேட்டு அப்படியே இங்கும் செய்ய விரும்பும் இளைஞர்களைப் பார்க்கிறேன். 1998இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட உழைக்கும் குடும்பங்கள் கட்சி போன்ற அமைப்புகள், போட்டியிட விரும்புவோருக்கு வினாத்தாள் அனுப்பி, நேர்காணல் நடத்தி, பிறகு ஆதரவை அறிவிக்கின்றன. அந்த வினாத்தாளையும் நேர்காணலையும் நாம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே கட்சியின் வேட்பாளர் யார் என்பதை வாக்காளர்களே முதல்நிலைத் தேர்தலில் முடிவு செய்வதால், ஆதரவு அறிவிப்புக்கு அந்தக் கட்டத்திலேயே வலு உண்டு. நம்மிடம் அப்படியொரு தேர்தல் கிடையாது. கட்சியின் வட்டச் செயலாளர், பகுதிச் செயலாளர், மாவட்டச் செயலாளர் என்ற ஏணியில்தான் பெயர் ஏறி இறங்குகிறது. ஆகவே உங்கள் பேச்சுக்குக் காது கிடைக்கும் காலம், கட்சிகள் விருப்ப மனு வாங்குவதற்கு முந்தைய மாதங்கள்தான். கவுன்சிலர்கள் அடங்கிய தற்போதைய மாமன்றம் 2022 மார்ச் 2 அன்று பதவியேற்றது. அரசியலமைப்பின் 243-யு பிரிவுப்படி அதன் காலம் ஐந்தாண்டுகள். அந்தக் காலம் முடிவதற்குள் தேர்தலை நடத்திவிட வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், 2016 அக்டோபருக்குப் பிறகு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் சென்னைக்குக் கவுன்சிலர்களே இல்லாதிருந்ததை நாம் பார்த்திருக்கிறோம். தேதிக்காகக் காத்திராமல் இப்போதே தொடங்குங்கள்.

60 பேரால் என்ன ஆகும் என்று யாராவது கேட்டால், கணக்கைக் காட்டுங்கள். 2022இல் சென்னையின் 200 வார்டுகளுக்கும் சேர்த்து வாக்காளர்கள் சுமார் 61 லட்சம். ஒரு வார்டுக்குச் சராசரியாக 30,000 பேர். வாக்களித்தவர்கள் 44 சதவீதத்துக்கும் குறைவு. அதாவது ஒரு வார்டில் பதிவானவை சராசரியாக 13,000 வாக்குகள். அவையும் நான்கைந்து பேருக்கிடையே பிரிந்துபோகின்றன. அந்தத் தேர்தலில் 5 சுயேச்சைகள் வென்றார்கள். ஒவ்வொரு உறுப்பினரும் தனக்கு நேரடியாகத் தெரிந்த பத்து வீட்டை மட்டும் பொறுப்பேற்றால் 600 வீடுகள் உங்கள் கணக்கில் வருகின்றன. எந்தெந்தத் தெருவில், எந்தெந்த வாக்குச்சாவடிப் பாகத்தில் அந்த வீடுகள் இருக்கின்றன என்று எழுதிவைத்திருக்கும் குழுவை வட்டச் செயலாளர் தேடிவருவார். மேடையில் பொன்னாடை போர்த்தி ஆதரவு தெரிவிக்கும் சங்கங்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். அவற்றின் பின்னால் எத்தனை வாக்குகள் இருக்கின்றன என்பதும் அவருக்குத் தெரியும்.

இனி சட்டம். உங்கள் வழக்கறிஞர் தோழர்கள் முதலில் கவனிக்க வேண்டியது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 176ஆம் பிரிவு. வேட்பாளரின் எழுத்துமூலமான அதிகாரம் இல்லாமல் அவருடைய வெற்றிக்காகக் கூட்டம் நடத்தவோ, விளம்பரம் செய்யவோ, துண்டறிக்கை அடிக்கவோ வேறொருவர் பணம் செலவிட்டால் 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். செலவு பத்து ரூபாய்க்கு மேற்படாவிட்டால், பத்து நாட்களுக்குள் வேட்பாளரின் எழுத்துமூல ஒப்புதலைப் பெற்றுக்கொள்ளலாம் என்று ஒரு விலக்கு இருக்கிறது. பிரிட்டிஷ் காலத்தில் எழுதப்பட்ட அந்தப் பத்து ரூபாய் புதிய சட்டத்திலும் மாறவில்லை. எனவே, ஆதரவு முடிவானதும் முதல் வேலையாக வேட்பாளரிடம் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் வாங்குங்கள். நீங்கள் செய்யும் ஒவ்வொரு செலவின் ரசீதையும் அவருடைய முகவரிடம் கொடுத்து, கொடுத்ததற்கு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். 2022இல் சென்னை மாநகராட்சி வேட்பாளருக்கான செலவு வரம்பு 90,000 ரூபாயாக இருந்தது. உங்கள் செலவும் அதற்குள் அடங்க வேண்டியது. நோட்டீசில் அச்சகத்தின் பெயரும் வெளியிடுவோரின் பெயரும் கட்டாயம் இருக்கட்டும். எதிர் வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தையைப் பற்றிப் பொய்யென்று தெரிந்தோ, உண்மையென்று நம்பாமலோ எதையும் வெளியிடுவது அதே சட்டத்தின் 175ஆம் பிரிவின்படி குற்றம். குழுவின் வாட்ஸ்அப்பில் இரவு பதினொரு மணிக்கு யாரோ அனுப்பிய செய்தியை மற்றவர்களுக்குத் தட்டிவிடுவதும் உங்களைச் சிக்கலில் மாட்டிவிடக்கூடும்.

அடுத்தது, ஆதரவு யார் பெயரில் வெளிவருகிறது என்பது. மாலை நேர வகுப்புக்காக அறக்கட்டளையோ சங்கமோ பதிவு செய்து, அதற்கு வருமான வரி விலக்கோ வெளிநாட்டு நன்கொடை அனுமதியோ பெற்றிருந்தால், அந்தப் பெயரையும் வங்கிக் கணக்கையும் தேர்தல் வேலையில் கலக்கவே கூடாது. மகளிர் சுயஉதவிக் குழுவின் பெயரையும் இழுக்காதீர்கள். அது அந்தப் பெண்களின் கடனுக்கும் வாழ்வாதாரத்துக்கும் கட்டியது. தேர்தலுக்கென்று தனியாக ஒரு குடிமக்கள் குழுவை, தனி நோட்டுப் புத்தகத்துடனும் தனிப் பொருளாளருடனும் அமையுங்கள். உறுப்பினர்களில் அரசு ஊழியரோ மாநகராட்சியின் நிரந்தரப் பணியாளரோ இருந்தால், நடத்தை விதிகள் அவர்கள் வாக்குச் சேகரிப்பதைத் தடை செய்கின்றன. அவர்கள் தங்கள் வாக்கைச் செலுத்துவதோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

வேட்பாளரிடம் என்ன கேட்பது என்பதில்தான் குழுவின் முதிர்ச்சி தெரியும். ‘கொள்கையில் நெருக்கமானவர்’ என்று எழுதியிருக்கிறீர்கள்; மேடையில் பெரியாரையும் அம்பேத்கரையும் சொல்லாத வேட்பாளரை இந்த நகரத்தில் காண்பது அரிது. ஆகவே கவுன்சிலரின் கைக்கு எட்டும் விஷயங்களில் கேளுங்கள். குடிநீரும் கழிவுநீரும் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. மின்சாரம் வேறு நிறுவனம். அரசு கட்டிக்கொடுத்த அடுக்குமாடிக் குடியிருப்புகள் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் கீழ் வருகின்றன. இவற்றில் கவுன்சிலர் வற்புறுத்தலாமே தவிர உத்தரவிட முடியாது. குப்பை, தெருவிளக்கு, மழைநீர் வடிகால், உட்புறச் சாலை, மாநகராட்சிப் பள்ளி, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம், அம்மா உணவகம், சமுதாயக் கூடம் ஆகியவை மாநகராட்சியின் சொந்தப் பொறுப்பு. மாநகராட்சிக்கு என்ன அதிகாரம் இருக்கிறது என்று யாராவது சலித்துக்கொண்டால், 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த மாமன்றம் ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு தொடங்கியதைச் சொல்லுங்கள். பின்னாளில் மாநிலமே பின்பற்றிய ஒன்று, ஒரு நகராட்சித் தீர்மானமாகத்தான் பிறந்தது.

உங்கள் குழுவில் தூய்மைப் பணியாளர்கள் இருப்பதால் இந்தக் கேள்வியைத் தவிர்க்காதீர்கள்: ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை அகற்றும் பணி தனியாருக்குக் கொடுக்கப்பட்டதை எதிர்த்து 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன்பு தொழிலாளர்கள் இரவு பகலாக அமர்ந்திருந்தார்களே, அத்தகைய தீர்மானம் மறுபடி மாமன்றத்துக்கு வந்தால், கட்சித் தலைமை ஆதரிக்கச் சொன்னாலும் நீங்கள் எழுந்து எதிர்ப்பீர்களா? பதிலைவிட, பதில் சொல்லும் முன் அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கவனியுங்கள். வார்டில் பகுதிவாரியாக மக்கள் கூடிக் குறைகளைப் பேசும் பகுதி சபைக் கூட்டங்களைத் தேதி அறிவித்து, எல்லாத் தெருக்காரர்களையும் அழைத்து நடத்துவாரா என்று கேளுங்கள். வார்டு மேம்பாட்டு நிதியில் எந்த வேலைக்கு எவ்வளவு என்று ஆண்டுக்கு ஒருமுறை எழுதி ஒட்டுவாரா என்று கேளுங்கள். மாநகராட்சியில் பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டவை. வேட்பாளர் பெண் என்றால், வெற்றி பெற்ற பிறகு மக்கள் அழைக்க வேண்டிய தொலைபேசி யார் கையில் இருக்கும் என்பதை நேரடியாகக் கேளுங்கள். கவுன்சிலரின் கணவரிடம் மனு கொடுத்துப் பழகிவிட்ட தெருக்கள் இந்த நகரத்தில் நிறைய இருக்கின்றன. நான் அதை ஒரு பெண்ணுக்கு இழைக்கப்படும் அநீதியாகவே பார்க்கிறேன். அவருக்கு வாக்களித்தவர்களுக்கும் அது அநீதிதான்.

களத்தில் இருக்கும் எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, சொன்ன பதில்களையும் பதில் சொல்ல மறுத்தவர்களின் பெயர்களையும் ஒரே தாளில் அச்சிட்டு வெளியிடுங்கள். ‘கட்சிக்காரர்கள்’ என்ற பேச்சுக்கு அந்தத் தாளைவிடச் சிறந்த பதில் இல்லை. ஆதரவைத் தீர்மானிப்பதை ஒரே கூட்டத்தில் முடிக்காதீர்கள். முதல் கூட்டத்தில் பேசிவிட்டு, ஒரு வாரம் கழித்து ரகசிய வாக்கெடுப்பு நடத்துங்கள். மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்பாவிட்டால் ஆதரவு இல்லை என்று முன்கூட்டியே விதி எழுதிவையுங்கள். வேட்பாளருக்கு உறவினராகவோ, அவரிடம் கடன்பட்டவராகவோ, அவருடைய கட்சியின் உறுப்பினராகவோ இருப்பவர் அதை எழுந்து சொல்லிவிட்டு, அந்த வாக்கெடுப்பிலிருந்து விலகி உட்காரட்டும். ‘யாருக்கும் ஆதரவில்லை’ என்பதும் சீட்டில் ஒரு தேர்வாக இருக்க வேண்டும். தோற்ற பக்கத்தினர் வேறொருவருக்கு வேலை செய்ய விரும்பினால், குழுவின் பெயரைச் சொல்லாமல் செய்துகொள்ளட்டும். கருத்து வேறுபட்டவரை வெளியேற்றிய குழுக்கள் அடுத்த மழைக்கே ஆள் இல்லாமல் தவித்ததைக் கண்டிருக்கிறேன்.

பணத்தைப் பற்றியும் பேசிவிட வேண்டும். வேட்பாளரிடமிருந்து நோட்டீசுக்கான காகிதத்துக்கு மேல் எதையும் வாங்காதீர்கள். கோவில் திருவிழாவுக்கு நன்கொடை, பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம், பெண்களுக்குச் சேலை என்று எந்த வடிவத்தில் வந்தாலும் வேண்டாம். வாக்குக்குப் பணம் வாங்கும் குடும்பத்தை ஏசிப் பேசவும் வேண்டாம். அன்றாடக் கூலியில் வாழும் வீட்டில் அந்தப் பணத்தின் மதிப்பு என்னவென்று உங்கள் உறுப்பினர்களுக்கே தெரியும். ஆனால் உங்கள் 60 பேரில் ஒருவரும் அதை விநியோகிக்கக் கூடாது என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். அதேபோல, மனு எழுதும் மேசையிலும் மாலை வகுப்பிலும் ‘யாருக்கு ஓட்டு’ என்ற பேச்சே எழக் கூடாது. உதவிக்கு வரும் பாட்டி, எதிர்க்கட்சிக் கொடி கட்டிய வீட்டிலிருந்து வந்தாலும் அவருடைய மனு அதே வரிசையில் எழுதப்பட வேண்டும்.

தகுதியானவர் ஒருவரும் இல்லையென்றால் உங்களில் ஒருவரையே நிறுத்தலாமா என்ற பேச்சும் நிச்சயம் எழும். 21 வயது நிறைந்து, மாநகராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போட்டியிடலாம். 2022இல் வைப்புத்தொகை 4,000 ரூபாய், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. வார்டு யாருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பது தேர்தலை ஒட்டி மாறக்கூடும் என்பதால், ஒரே ஒருவரை மட்டும் மனத்தில் வைக்காமல், ஒரு பெண்ணையும் சேர்த்து இரண்டு மூன்று பேரைப் பயிற்றுவியுங்கள்.

இந்த மாதம் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. உள்ளாட்சித் தேர்தலுக்கான பட்டியல் சட்டமன்றத் தொகுதிப் பட்டியலிலிருந்தே தயாரிக்கப்படுகிறது. 2025 இறுதியில் தொடங்கிய வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் பெயர் விட்டுப்போன வாடகை வீட்டுக்காரர்கள் உங்கள் தெருக்களிலும் இருப்பார்கள். ஒவ்வொரு உறுப்பினரும் தன் பத்து வீடுகளுக்கும் சென்று, பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாதவர்களுக்குப் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6 நிரப்பித் தரட்டும். கண்ணகி நகருக்கோ பெரும்பாக்கத்துக்கோ இடம்பெயர்க்கப்பட்ட குடும்பங்களின் பெயர்கள் பழைய முகவரியிலேயே கிடந்தால், அவற்றை உங்கள் வாக்குகளாக எண்ணாதீர்கள். அவர்கள் இப்போது வாழும் இடத்தில் பெயர் சேர்க்க உதவுங்கள், அங்கே தெருவிளக்கு எரியாவிட்டால் கேட்பதற்கு அவர்களுக்கும் ஒரு வாக்கு வேண்டும்.