மேயர் கறுப்பினப் பெண் என்றால் பிரசவ மரணம் குறையுமா?

மேயரின் அடையாளம் கறுப்பினத் தாய்மாருக்கு உதவுமா என்ற கேள்விக்கு, ஓரளவு உதவும் என்பேன். 2021-இல் அமெரிக்காவில் ஒரு லட்சம் குழந்தைப் பிறப்புகளுக்கு 69.9 கறுப்பினத் தாய்மார் இறந்தார்கள், வெள்ளையரில் 26.6. சான் பிரான்சிஸ்கோவின் முதல் கறுப்பினப் பெண் மேயர் லண்டன் பிரீட், ஏழைகளுக்கான அரசுக் குடியிருப்பில் பாட்டியிடம் வளர்ந்தவர். கறுப்பின, பசிபிக் தீவுக் கர்ப்பிணிகள் சுமார் 150 பேருக்கு மாதம் 1,000 டாலர் தரும் திட்டத்தை 2020-இல் அறிவித்தார். பேறுக்குப் பின்னும் ஆறு மாதம் பணம் வரும் என்பது அன்றைய ஏற்பாடு. எதற்குச் செலவழித்தாய் என்ற கேள்வியும் அதில் இல்லை. வாடகைக் கவலையை அனுபவித்தவருக்கு இது சட்டென்று புரியும்!

சரி, யோசனை அவருடையது மட்டுமா? இல்லை, நகரப் பொதுச் சுகாதாரத் துறையில் சியா மலாவா என்ற மருத்துவர் முன்னின்று வளர்த்தது. அப்புறம், இன அடிப்படையில் பணமா என்று 2023-இல் வழக்கும் வந்தது. ஏழைகளின் மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டோ மாநில, மத்திய அரசுகளின் கையில். அங்கே மேயரின் கை எட்டாது.