‘ஸ்லெட்ஜ்ஹாமர்’ பற்றிக் கேளுங்கள், பூஞ்சை பற்றியும் சொல்வேன்

1983-ல் டேவிட் ஏ. பிரையர் என்ற அமெரிக்கர் வீடியோ கேமராவிலேயே எடுத்த கொலைப்படம் ‘ஸ்லெட்ஜ்ஹாமர்’, அதாவது சம்மட்டி. போன வாரம் அதைப் பற்றி நாலு வரி எழுதினேன், கேள்விகள் குவிந்துவிட்டன. இருபது வருஷம் டெக் (வீடியோ கேசட் ஓட்டும் பெட்டி) ரிப்பேர் பார்த்தவன், அதற்குப் பிறகு கேசட் சேர்ப்பவன் என்ற தகுதியில்தான் பதில் சொல்கிறேன். பிடித்த கேள்விக்கு நீளமாகவும் மற்றதற்குக் குட்டையாகவும் வரும், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பரணிலிருந்து எடுத்த பழைய கேசட்டை அப்படியே டெக்கில் தள்ளாதீர்கள். முதலில் அதன் ஜன்னல் வழியாக டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள்.

கதை என்ன சார்? – விருதுநகர்

ஒரு தாய், காதலனோடு தனியாக இருப்பதற்காகப் பெற்ற பையனைத் துணி அலமாரிக்குள் வைத்துப் பூட்டுகிறாள். அன்றிரவு அவளும் அவனும் சம்மட்டி அடியில் சாகிறார்கள். பத்து வருஷம் கழித்து அதே வீட்டுக்கு ஒரு இளவட்டக் கூட்டம் வேனில் வந்து இறங்குகிறது. குடிக்கிறார்கள், சாப்பாட்டை ஒருவர்மேல் ஒருவர் எறிகிறார்கள், ஆவியைக் கூப்பிடுகிறோம் என்று விளையாடுகிறார்கள். கூப்பிட்டது வந்துவிடுகிறது. சில காட்சிகளில் அது முகமூடி போட்ட நெட்டையன், சிலவற்றில் அந்தப் பையன். இதற்குமேல் கதை கிடையாது.

படம் முழுக்க ஏன் இவ்வளவு ஸ்லோ மோஷன்? காதலர்கள் இருவர் வெட்டவெளியில் நடந்து வருகிறார்கள், வந்துகொண்டே இருக்கிறார்கள். நான் காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தேன், அப்போதும் நடந்துகொண்டிருந்தார்கள். – கோவை

எனக்குப் பிடித்த கேள்வி இதுதான், உட்காருங்கள்.

முதல் காரணம் எல்லோரும் சொல்வதுதான்: நீளம். வாடகைக் கடையில் வைக்க வேண்டுமென்றால் முழுநீளப் படமாக இருக்க வேண்டும், கையில் இருந்த கதையோ ஒரு மணி நேரத்துக்கே திணறும். வீட்டின் வெளித்தோற்றத்தைக் காட்டும் ஷாட் அசையாமல் நிற்பதும், நடை இழுபடுவதும், கடைசியில் படம் உறைந்து நிற்பதும் இதற்காகத்தான்.

இரண்டாவது காரணத்தை யாரும் பேசுவதில்லை. ஃபிலிமில் ஸ்லோ மோஷன் என்பது பணக்காரன் சமாசாரம். கேமராவை வேகமாக ஓட்டினால்தான் திரையில் மெதுவாகத் தெரியும், ஆகவே ஃபிலிம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு தின்னும். 35 எம்எம்-மில் ஆயிரம் அடி ரோல் பதினோரு நிமிஷத்தில் தீர்ந்துவிடும். அதைக் கழுவ லேப் காசு வேறு. வீடியோவில் இந்த வம்பே இல்லை. சாதாரணமாக எடுத்ததை எடிட்டிங்கில் உட்கார்ந்து இழுத்துக்கொள்ளலாம், நிறுத்தியும் வைக்கலாம், ஒரு பைசா கூடுதல் செலவு கிடையாது. சர்க்கரை இலவசம் என்றதும் ஒருவர் பாயசத்தில் கொட்டியிருக்கிறார், அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் இழுக்கும்போது புதிதாக எதுவும் வந்துவிடாது, அதையும் கவனியுங்கள். அமெரிக்க வீடியோவில் விநாடிக்குச் சுமார் 60 அரைப் படங்கள்தான் (ஒன்றுவிட்டு ஒரு வரி மட்டும் உள்ளவை) இருக்கின்றன. மெதுவாக்கினால் அதே அரைப் படங்கள் திரும்பத் திரும்ப வரும். அந்தக் காதலர்களின் நடையில் ஒரு தேய்ப்பும் தயக்கமும் தெரிகிறதே, அது இதனால்தான். அழகாக வழுக்கிக்கொண்டு போகாமல் கனவில் கால் மாட்டிக்கொண்டது மாதிரி நகர்கிறார்கள். கஞ்சத்தனத்தில் பிறந்தது, பயமாக வேலை செய்கிறது. சம்மட்டி மெதுவாக இறங்கும் காட்சிகளில் என் வயிறு உண்மையிலேயே இறுகியது.

படம் எங்கே கிடைக்கும்? – சேலம்

2011-ல் இன்டர்விஷன் என்ற நிறுவனம் அமெரிக்காவில் டிவிடி போட்டது. அதைத் தேடுங்கள்.

ஏன் சீரியல் மாதிரி இருக்கிறது? பயமே வரவில்லை. – திருநெல்வேலி

ஃபிலிமில் விநாடிக்கு 24 படம், வீடியோவில் அசைவு அதைவிட வழவழவென்று இருக்கும். கண் அதை ‘கதை’ என்று எடுத்துக்கொள்ளாது, ‘பக்கத்து அறையில் நடக்கிறது’ என்று எடுத்துக்கொள்ளும். நம் தூர்தர்ஷன் செவ்வாய்க்கிழமை நாடகம் ஞாபகம் இருக்கிறதா? அந்த வெள்ளைச் சுவர், அந்த டியூப்லைட் வெளிச்சம். அதற்குள் ஒருவன் சம்மட்டியோடு நுழைந்தால் எப்படி இருக்கும்? எனக்குப் பயமாகத்தான் இருந்தது. உள்ளே காட்டுகிற ‘பாழடைந்த வீடு’ இயக்குநரின் சொந்த அபார்ட்மென்ட். சுவரில் ஒரு படம்கூட மாட்டவில்லை. கொலை நடப்பதற்கு முன்பே அந்த வெறுஞ்சுவர் என்னவோ செய்கிறது.

வீடியோவுக்கென்றே எடுத்த முதல் படம் 1985-ல் வந்த ‘பிளட் கல்ட்’ அல்லவா? அட்டையிலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது. உங்கள் ‘ஸ்லெட்ஜ்ஹாமர்’ எங்கிருந்து வந்தது? – டொராண்டோ

அட்டையில் போட்டதெல்லாம் உண்மை என்றால் நம் ஊரில் எல்லா எண்ணெயும் சுத்தமான செக்கு எண்ணெய்தான். 1983 முதலில் வருமா, 1985 முதலில் வருமா? நீங்களே எண்ணுங்கள்.

படம் எங்கே பார்க்கலாம்? – ஈரோடு

சேலத்துக்காரருக்குச் சொன்னதே.

1982-ல் வந்த ‘போர்டிங்ஹவுஸ்’ இரண்டுக்கும் முந்தியது. அதுவும் வீடியோவில் எடுத்ததுதான். – பெங்களூரு

சபாஷ். ஜான் வின்டர்கேட் எழுதி, இயக்கி, நடித்தது. ஆனால் அதை வீடியோவில் எடுத்து 35 எம்எம் ஃபிலிமுக்கு மாற்றித் தியேட்டரில் ஓட்டினார்கள். பயங்கரக் காட்சி வருவதற்கு முன் ஒரு கறுப்புக் கையுறையும் சத்தமும் வந்து எச்சரிக்கும், அதற்கு ‘ஹாரர்விஷன்’ என்று பெயர் வேறு வைத்தார்கள். வீடியோவில் எடுத்ததில் அது மூத்தது. வீடியோ கடைக்கென்று எடுத்ததா என்றால், இல்லை.

டொராண்டோதான் மறுபடியும். தேதியை விடுங்கள். ‘பிளட் கல்ட்’ ஒக்லஹோமாவில் டல்சா நகரத்துக் கேசட் கம்பெனிக்காரர்களே பணம் போட்டு, பீட்டாகேம் என்ற டிவிக்காரர்களின் வீடியோ கேமராவில், ஒன்பது நாளில், 27,000 டாலரில் எடுத்தது. இயக்கிய கிறிஸ்டோபர் லூயிஸ் ஆஸ்கர் வாங்கிய நடிகை லொரெட்டா யங்கின் மகன். தியேட்டர் என்ற பேச்சே கிடையாது. உங்கள் பிரையர் தன் வீட்டில் நண்பர்களை வைத்து எடுத்தார். இரண்டும் ஒன்றா?

ஒன்றல்ல. இப்போதுதான் சண்டை போடத் தகுந்த இடத்துக்கு வந்திருக்கிறீர்கள்.

வாதத்தைப் பிரித்துக்கொள்வோம். வீடியோவில் எடுத்தது ‘போர்டிங்ஹவுஸ்’. வீடியோவில் எடுத்து வீடியோவாகவே கடைக்குப் போனதில் ‘ஸ்லெட்ஜ்ஹாமர்’ உங்கள் படத்துக்கு இரண்டு வருஷம் மூத்தது. கேசட் விற்கிறவனே முதலாளியாக நின்று, கடை அலமாரியைக் கணக்குப் போட்டு எடுத்தது என்ற பெருமையை ‘பிளட் கல்ட்’டுக்கு நான் தாராளமாகத் தருகிறேன். கல்லூரி விடுதிப் பெண்கள் சாகிறார்கள், நாய் முகம் பதித்த பதக்கம் கிடக்கிறது, வயசான ஷெரீஃப் துப்பு துலக்குகிறார், எல்லாமே அட்டைக்கு ஏற்ற சரக்கு. நான் மறுப்பது ‘முதல்’ என்ற ஒரு சொல்லைத்தான். வியாபாரி தன் சரக்கை முதல் என்று சொல்வான், அது அவன் தொழில். நாம் அதையே நாற்பது வருஷமாகத் திருப்பிச் சொல்ல வேண்டுமா?

இவ்வளவு மட்டமான படத்தைக் கடைக்காரர்கள் ஏன் வாங்கினார்கள்? – மதுரை

அங்கே கடைக்காரர் ஒரு கேசட்டைக் காசு கொடுத்து வாங்கிவிட்டால் எத்தனை தடவை வேண்டுமானாலும் வாடகைக்கு விடலாம். வாடகையில் தயாரிப்பாளருக்குப் பங்கு கிடையாது. சட்டமே அப்படி. அதனால் தயாரிப்பாளர்கள் விலையை ஏற்றி வைத்தார்கள், பெரிய படம் ஒன்று அறுபது, எண்பது டாலர் என்று போனது. ஆயிரம் கேசட் விற்றாலே சின்னப் படத்துக்குப் போட்ட காசு வந்துவிடும். ‘ஹாலோவீன்’ (1978) சுமார் 3,25,000 டாலரில் எடுத்தது, அதையே மலிவான படம் என்பார்கள். ‘பிளட் கல்ட்’டின் 27,000-ஐ அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கடைக்காரருக்கு வேறொரு தலைவலி. சனிக்கிழமை ராத்திரி பெரிய படமெல்லாம் வெளியே போயிருக்கும், அலமாரியில் மிச்சம் ஏதாவது இருக்க வேண்டும். வருகிறவர் அட்டையைப் பார்த்து எடுப்பார். படத்தை யாரும் கடையில் ஓட்டிப் பார்ப்பதில்லை. ஆகவே சம்மட்டிக்குச் செலவு செய்ததைவிட அட்டைக்குச் செலவு செய்தவன் பிழைத்தான்.

சோனியின் பீட்டாமேக்ஸ் டெக் பற்றி அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984-ல் சொன்ன தீர்ப்புதானே வாடகைக்கு அனுமதி கொடுத்தது? – சென்னை

இல்லை. அது வீட்டில் டிவி நிகழ்ச்சியைப் பதிவு செய்து பிறகு பார்க்கலாமா என்ற வழக்கு, 5-க்கு 4 என்ற கணக்கில் பார்க்கலாம் என்றார்கள். வாடகைக் கடைகள் லாஸ் ஏஞ்சலஸில் 1977-லேயே வந்துவிட்டன.

இங்கிலாந்தில் ‘வீடியோ நாஸ்டி’ என்று தடை செய்தார்களே, அதில் இது உண்டா? – லண்டன்

அந்த 72 படங்களின் பட்டியலில் இது இல்லை. தடையான படம் என்று கூடுதல் விலை சொல்லி யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

நம் ‘சிகப்பு ரோஜாக்கள்’ 1978-லேயே வந்துவிட்டது, இதெல்லாம் என்ன பெரிய விஷயம்? – தஞ்சாவூர்

அது ஃபிலிமில் எடுத்துத் தியேட்டருக்கு வந்தது. நல்ல படம், வேறு வரிசை. அதற்குத் தெரிந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள், அவர்களைக் கேளுங்கள்.

படம் எங்கே – நாமக்கல்

சேலம். மேலே சேலத்துக்காரர் கேள்விக்குப் போய்ப் படியுங்கள்.

மாமா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த கேசட்டை நம் டெக்கில் போட்டால் படம் உருளுகிறது, கலரும் இல்லை. கேசட் கெட்டுவிட்டதா? – காரைக்குடி

கெடவில்லை. அங்கே வீடியோ முறை என்டிஎஸ்சி (NTSC), 525 வரி. இங்கே பால் (PAL), 625 வரி. உங்கள் டெக்கும் டிவியும் இரண்டையும் வாசிக்கிற மல்டி சிஸ்டமாக இருக்க வேண்டும். போடுவதற்கு முன் ஜன்னல் வழியாகப் பார்த்தீர்களா?

பூஞ்சை பூஞ்சை என்று பயமுறுத்துகிறீர்கள். பஞ்சால் டேப்பை வாசிக்கிற ஹெட்டைத் துடைத்துவிட்டால் சரியாகிவிடாதா? – புதுச்சேரி

ஆகாது. 1994 மழைக்காலத்தில் என் கடைக்கு ஒருவர் கல்யாணக் கேசட் கொண்டுவந்தார். டேப் சுருளின் ஓரத்தில் வெள்ளையாக, ஊறுகாய் ஜாடியில் பூத்த மாதிரி இருந்தது. அவசரத்தில் போட்டுப் பார்த்தேன், தாலி கட்டும் இடத்தில் திரை முழுக்க மழை. துடைத்துவிட்டு அடுத்தவர் கேசட்டைப் போட்டேன். ஒரு மாசம் கழித்து அதிலும் வெள்ளை. மூன்று குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்டேன். உள்ளே ஹெட் டிரம் நிமிஷத்துக்கு 1,500 தடவை சுற்றுகிறது. அந்தத் தூள் அதில் ஒட்டினால் டேப்பைச் சீவிவிடும், அடுத்த கேசட்டுக்கும் தொற்றும்.

பஞ்சை மறந்துவிடுங்கள், நார் ஹெட் நுனியில் மாட்டி அதையே பெயர்த்துவிடும். ஸ்பிரிட்டில் நனைத்த மெல்லிய தோலை அசையாமல் வைத்துக்கொண்டு டிரம்மைத்தான் கையால் சுற்ற வேண்டும். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் போச்சு.

இந்த இயக்குநர் பிறகு என்ன ஆனார்? – ஓசூர்

ஃபிலிமுக்கு மாறி வரிசையாக மலிவுப் படங்கள் எடுத்தார். ‘ஸ்லெட்ஜ்ஹாமர்’ நாயகன் டெட் பிரையர் அவருடைய சொந்தத் தம்பி. 1987-ல் அதே தம்பியைக் காட்டுக்குள் ஓடவிட்டு எடுத்த ‘டெட்லி பிரே’ அண்ணனுக்கும் தம்பிக்கும் பெயர் வாங்கிக் கொடுத்தது. அண்ணன் 2015-ல் காலமானார்.

புது டெக் எங்கே வாங்கலாம்? – கரூர்

புதிது கிடையாது. கடைசியாகச் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் 2016-ல் நிறுத்திவிட்டது. பழையதை வாங்குங்கள். வாங்கும்போது உங்கள் கேசட் ஒன்றைக் கொண்டுபோய் ஓட்டிப் பாருங்கள், நல்ல கேசட்டாக வேண்டாம்.

டொராண்டோ. நீங்கள் பிரித்த கணக்கை ஏற்றுக்கொள்கிறேன், ‘முதல்’ என்ற சொல்லைத் தவிர. அட்டையைப் படமெடுத்து அனுப்பலாம் என்று ‘பிளட் கல்ட்’ கேசட்டைக் கீழ்த்தளத்திலிருந்து எடுத்தேன். ஜன்னலில் ஓரமாக வெள்ளையாக ஏதோ தெரிகிறது. தூசிதானே? ஒரு தடவை ஓட்டிப் பார்க்கட்டுமா?

வேண்டாம். தூசி வெளியே இருக்கும், இது உள்ளே டேப் ஓரத்தில் இருக்கிறது. டெக் பக்கமே போகாதீர்கள், ரீவைண்டும் வேண்டாம். மூக்கில் மாஸ்க் கட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் பையில் தனியாகப் போட்டு, மற்ற கேசட்டுகளிலிருந்து தள்ளி வையுங்கள். உங்கள் ஊரில் டேப் சுத்தம் செய்கிறவர்கள் இருப்பார்கள், அவர்களிடம் கொடுங்கள். அட்டையை மட்டும் படமெடுத்து அனுப்புங்கள். ‘முதல்’ எவ்வளவு பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள் என்று நானும் பார்க்கிறேன்.