அக்காவைக் கேளுங்க: "எல்லா கம்பெனியும் இப்படித்தான்"

கேள்வி: அக்கா, பாயான் லெப்பாஸ்ல ஒரு பேக்டரில எச்ஆர் கிளார்க்கா இருக்கேன். பங்களாதேஷ், நேப்பாள் பசங்க பாஸ்போர்ட் எல்லாம் எங்க டிராயர்லதான் பூட்டி கிடக்கு, சாவி என்கிட்ட. ஒரு பையன் ஊர்ல அம்மாவுக்கு முடியலன்னு வந்து கேட்டான், மேனேஜர் 2000 வெள்ளி (ரிங்கிட்) டெபாசிட் கட்டச் சொல்லிட்டாரு. ஏன்னு கேட்டா "எல்லா கம்பெனியும் இப்படித்தான்மா"ங்கிறாரு. எனக்கு மனசு கேக்கல. ஆனா நான் ஒருத்தி நெனச்சு உலகம் மாறிடுமா?
- பேர் வேணாம், பினாங்கு

பதில்: தங்கச்சி, உலகத்த அப்புறம் பாப்போம், மொதல்ல அந்த டிராயர். சட்டப்படி உரிமை இல்லாம அடுத்தவங்க பாஸ்போர்ட்ட வெச்சிருக்கறது நம்ம மலேசியாவுல 1966 பாஸ்போர்ட் சட்டத்துல குத்தம். ஓடிப்போயிடுவான்ங்கிற பயம் அந்த உரிமைய தராது.

உங்கள மாதிரியே ஒரு கிளார்க் இருந்தாரு, எட்மண்ட் மோரல்னு பேரு, லிவர்பூல் கப்பல் கம்பெனில வேலை. ஆப்பிரிக்காவுல பெல்ஜியம் ராஜா லியோபோல்டோட சொந்த ஆட்சியில இருந்த காங்கோவோட கணக்க பாக்குறாரு, அங்கேருந்து வர்ற கப்பல்ல ரப்பரும் தந்தமும் குவியுது, போற கப்பல்ல துப்பாக்கியும் தோட்டாவும்தான் அதிகம், வியாபார சாமான்னு பெருசா ஒன்னுமில்ல, அப்போ ரப்பர் எடுக்கறவனுக்கு கூலி எதுல போவுது? கூலியே இல்ல, அடிச்சு வேலை வாங்குறாங்கன்னு கணக்கு புக்க வெச்சே புரிஞ்சுக்கிட்டாரு. 1901ல வேலைய விட்டாரு, 1904ல இந்தக் கொடுமைய எதிர்க்க சங்கம் ஆரம்பிச்சாரு, விடாம எழுதுனாரு, கூட நெறைய பேரு சேந்தாங்க, 1908ல லியோபோல்ட் ராஜா கையிலேருந்து காங்கோவ பெல்ஜியம் அரசாங்கமே எடுத்துக்க வேண்டியதா போச்சு. கொடுமை அதோட தீரல, ஆனா "இது வியாபாரம்தானே"ன்னு அதுக்கப்புறம் யாரும் கூசாம சொல்ல முடியல.

நம்ம தாத்தா பாட்டி கடன தலையில கட்டிக்கிட்டு கித்தா (ரப்பர்) தோட்டத்துக்கு வந்தப்பவும் எல்லா தொரையும் இதே பேச்சுதான் பேசியிருப்பாங்க. மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலி எடுக்கறது 1910லதான் நின்னுச்சு. அந்த பேரப்புள்ளைங்க கையிலயே இன்னைக்கு இன்னொரு ஊர்க்காரன் பாஸ்போர்ட் டிராயர் சாவி இருக்குன்னா எனக்கு வயிறு எரியுது.

சும்மா போய் சண்ட போடுன்னு சொல்ல மாட்டேன். வெளிநாட்டு தொழிலாளிங்களுக்காக அறிக்க எழுதுன நம்ம ஐரீன் பெர்னாண்டஸ் மேல 1996ல கேஸ் போட்டாங்க, 2003ல ஒரு வருஷ ஜெயில்னு தீர்ப்பாச்சு, 2008லதான் விடுதலை. அதனால தனியா எறங்காதீங்க, ஆபீஸ்ல ஒத்த மனசுக்காரங்க ஒருத்தராவது இருப்பாங்க, அவங்களோட சேந்து மேனேஜருக்கு இமெயில் போடுங்க, வாயால மட்டும் பேசாதீங்க. ஹாஸ்டல்ல ஆளுக்கொரு லாக்கர், சாவி அவங்கவங்க கையில, இதான் வழின்னு எழுதுங்க. சரக்கு வாங்குற வெளிநாட்டு கம்பெனிக்காரங்க ஆடிட்டுக்கு வந்தா மொதல்ல இதத்தான் கேப்பாங்கன்னும் சேத்துக்குங்க, 2020ல அமெரிக்க சுங்கத்துறை நம்ம நாட்டு கையுறை சரக்கையே கட்டாய வேலை புகார்ல தடுத்துச்சு, மேனேஜருக்கு இது நல்லா ஒறைக்கும். அதுக்கும் அசையலன்னா லேபர் ஆபீஸ், இல்லாட்டி வெளிநாட்டு தொழிலாளிங்களுக்கு ஒதவுற தெனாகானித்தா அமைப்பு. அந்தப் பையன் அம்மாவ பாக்க போறது மட்டும் இமெயிலுக்கு காத்திருக்க முடியாது, அத இன்னைக்கே பேசுங்க.

கேள்வி: இத்தன இனம், இத்தன மதம், எல்லாருக்கும் பொதுவா ஒரு நீதி வருமா? மனுஷ குலம் தேறுமா?
- செந்தூல் வாசகர்

பதில்: 1948 டிசம்பர் 10ல மனித உரிமைப் பிரகடனத்துக்கு 48 நாடு கைதூக்குச்சு, எதிர்த்து ஒன்னுகூட இல்ல, 8 நாடு ஒதுங்கிக்கிச்சு. அது காகிதம்னு நீங்க சொல்லலாம். 2021ல கொரோனாவுக்காக எம்சிஓன்னு ஊரடங்கு போட்ட நேரத்துல சோத்துக்கு இல்லாதவங்க வாசல்ல வெள்ளக் கொடி கட்டுனாங்களே, அரிசி முட்டையோட போன அக்கம்பக்கத்துக்காரங்க என்ன மதம்னு கேட்டுட்டா குடுத்தாங்க? தேறும்னுதான் நான் நம்புறேன். அப்போ இல்லாதவங்களுக்கு சாப்பாட்டு சாமான் குடுக்க ஆரம்பிச்ச புட்பேங்க் உங்க தாமான்ல (குடியிருப்புல) இன்னும் ஓடுதா, நின்னுடுச்சா? நின்னிருந்தா ஏன்னு விசாரிச்சு எனக்கு எழுதுங்க.