அரிய சொற்கள் – ஒரு கடிதம்

வணக்கம் ஐயா,

வேலைத் தேர்வுக்காகத் தொடங்கிய பழக்கம் இது. தினமும் பத்து புதிய ஆங்கிலச் சொற்களை நோட்டில் எழுதுகிறேன். 600 தாண்டிவிட்டது. ஆனால் தேவைப்படும்போது ஒன்றுகூட நினைவுக்கு வருவதில்லை. போன வாரம் அலுவலக மின்னஞ்சல் ஒன்றில் ‘ஃபராகோ’ என்று எழுதினேன். யாருக்கும் புரியவில்லை என்று மேலாளர் கடிந்துகொண்டார். அரிய சொற்களைக் கற்பது வீண்தானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வீண் இல்லை. நோட்டு எழுதும் விதத்தில்தான் கோளாறு. ஃபராகோவுக்கு எதிரே ‘குழப்பமான கலவை’ என்று எழுதியிருப்பீர்கள், சரிதானே? 2017இல் சசி தரூர் அதை ட்விட்டரில் எழுதியபோது ஊரே அகராதியைப் புரட்டியது. நானும்தான். ஆனால் லத்தீனில் அது மாட்டுக்குப் போடும் கலப்புத் தீவனம் என்று படித்த பிறகுதான் எனக்கு மனதில் நின்றது. கண்டதையும் கலந்து தொட்டியில் கொட்டியது! திட்டுவதற்கான சொல் அது. மேலாளருக்குப் போகும் மின்னஞ்சலில் அதற்கு என்ன வேலை?

செரண்டிபிட்டியைப் பாருங்கள். 1754 ஜனவரியில் ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் ஒரு கடிதத்தில் உருவாக்கிய சொல். செரண்டிப் என்பது இலங்கையின் பழைய பெயர். அந்நாட்டு இளவரசர்கள் மூவர், தாங்கள் தேடாதவற்றையெல்லாம் வழியில் கண்டறிந்துகொண்டே போகும் கதையிலிருந்து எடுத்தார். தற்செயலோடு கூர்மதியும் சேர வேண்டும் என்பதை அந்தக் கடிதத்திலேயே சொல்லிவிட்டார். நோட்டில் ‘அதிர்ஷ்டம்’ என்று எழுதினால் பாதிப் பொருள் போயிற்று. லாட்டரி விழுவது செரண்டிபிட்டி ஆகாது. பழைய புத்தகக் கடையில் ஒன்றைத் தேடப் போய், குப்பையில் கிடந்த வேறொன்றின் அருமையைக் கண்டுகொள்கிறோமே, அதுதான்.

நானும் பட்டவன்தான். இளவயதில் ஓர் அதிகாரிக்கு, அவருடைய ‘ஃபுல்சம்’ பாராட்டுக்கு நன்றி என்று எழுதினேன். மனம் நிறைந்த பாராட்டு என்று நினைப்பு. அளவு மீறிய, கேட்கக் கூசுகிற புகழ்ச்சிக்குத்தான் பெரும்பாலும் அதைச் சொல்வார்கள். ஏறக்குறைய ஜால்ரா. மனிதர் கடிதத்தைத் திருப்பி அனுப்பினார், அந்தச் சொல்லுக்கு அடியில் சிவப்புக் கோடு போட்டு.

ஆகவே பொருளை மட்டும் எழுதாதீர்கள். சொல்லை எந்த வாக்கியத்தில் பார்த்தீர்களோ அதையும், யார் யாரிடம் சொன்னது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தினம் பத்து வேண்டாம். வாரத்துக்கு இரண்டு போதும்.