குடும்பத்தோடு தியேட்டருக்குப் போனால் இரண்டாயிரம் ரூபாய் ஆகிறதே, டிக்கெட் விலை ஏன் இப்படி ஏறியது? நீங்கள் இன்னும் தியேட்டருக்குப் போகிறீர்களா?

இரண்டாயிரம் ஆகிறது என்பது உண்மைதான். எங்கள் வீட்டுக் கணக்கும் அதேதான்: நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், சென்னையில் ஒரு மாலுக்குள் இருக்கும் மல்டிபிளக்ஸ், ஞாயிறு மாலைக் காட்சி. ஆனால் மொத்தப் பழியையும் டிக்கெட் தலையில் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பில்லைப் பிரித்துப் பார்த்தால் வேறு கதை தெரியும்.

டிக்கெட் ஒன்று 183 ரூபாய்ச் சொச்சம். நாலு பேருக்கு 730-ஐத் தாண்டும். ஆன்லைனில் போட்டால் டிக்கெட்டுக்கு முப்பது ரூபாய் சேவைக் கட்டணம், அதன் மேல் 18 சதவிகிதம் ஜிஎஸ்டி, ஆக 35 ரூபாய் 40 காசு. நாலுக்கு 141 ரூபாய் 60 காசு. இதை எதற்கு டிக்கெட் எண்ணிக்கையால் பெருக்குகிறார்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. நாலு சீட்டையும் ஒரே தடவையில்தானே பதிவு செய்கிறேன்? அப்புறம் இடைவேளை. பாப்கார்ன் பெரிய டப் ஒன்று, கோக் இரண்டு, சின்னவளுக்கு நாச்சோஸ், ஒரு தண்ணீர் பாட்டில், ஆயிரத்துக்குப் பக்கத்தில். பார்க்கிங் நூற்றுச் சொச்சம். முடிந்தது, இரண்டாயிரம்.

இதில் படத்துக்கென்று கொடுத்தது எவ்வளவு? டிக்கெட்டின் அடிப்படை விலை 150 ரூபாய். நாலு பேருக்கு 600. மிச்சம் 1,400 ரூபாயும் வரி, ஆன்லைன் கட்டணம், தீனி, பார்க்கிங்.

அந்த 150 எங்கிருந்து வந்தது என்பது பலருக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் சினிமா டிக்கெட்டுக்கு அரசின் உச்சவரம்பு உண்டு. தியேட்டர்காரர் தன் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது, அதாவது சட்டப்படி. மல்டிபிளக்ஸுக்கு அந்த வரம்பு ரொம்ப நாள் 120 ரூபாயாக இருந்தது, 2017 அக்டோபரில் 150 ஆக்கினார்கள். அப்போது சென்னையில் பெட்ரோல் லிட்டர் எழுபது ரூபாய்ச் சொச்சம். பெட்ரோல் நூறைத் தாண்டிய பிறகும் டிக்கெட்டின் அடிப்படை விலை 150-இல்தான் நின்றது. ஹைதராபாத்தில் இருக்கும் நண்பர்கள் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். அங்கே 2024 டிசம்பரில் ஒரு பெரிய படத்தின் பிரீமியர் காட்சிக்கு வழக்கமான விலைக்கு மேல் 800 ரூபாய் கூட்டி விற்க அரசே அனுமதி கொடுத்தது.

வரியில் ஏற்ற இறக்கம் இருந்தது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது நூறு ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 28 சதவிகிதம், அதன் மேல் உள்ளாட்சிக் கேளிக்கை வரி வேறு என்றானதும் தியேட்டர்களை நாலு நாள் இழுத்து மூடினார்கள். 2019 ஜனவரியில் 28 என்பது 18 ஆனது. தமிழ்ப் படங்களுக்கு 8 சதவிகிதமாக இருந்த கேளிக்கை வரி 2025-இல் 4 ஆனது. 190 ரூபாய்ச் சொச்சமாக இருந்த டிக்கெட் 183-க்கு இறங்கியது அப்படித்தான்.

வரியைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்கள் 2006-ஐ நினைத்துப் பார்க்கலாம். தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரியே கிடையாது என்று அறிவித்தார்கள். படங்களெல்லாம் அவசரமாகத் தமிழ்ப் பெயருக்கு மாறின. கவுண்ட்டரில் நீட்டிய காசு குறைந்ததாக எனக்கு நினைவில்லை. வரியாகப் போயிருக்க வேண்டிய பணம் தொழிலுக்குள்ளேயே பங்கு பிரிந்துகொண்டது.

சரி, டிக்கெட் விலை பூட்டிக் கிடக்கிறது, பிறகு எதற்காக இவ்வளவு செலவு? இங்கேதான் என் தாய்மாமாவைக் கூப்பிட வேண்டும். அவர் திருச்சி-தஞ்சாவூர் ஏரியாவில், தொழிலில் டி.டி. ஏரியா என்பார்கள், விநியோகஸ்தர்களிடம் ரெப்பாக, அதாவது அவர்களின் பிரதிநிதியாக, இருந்தவர். படப்பெட்டி போகும் ஊருக்கெல்லாம் கூடவே போய், தியேட்டரில் உட்கார்ந்து, டிக்கெட் புத்தகத்தின் ஆரம்ப எண்ணையும் முடிவு எண்ணையும் சரிபார்த்து, டிசிஆர் என்கிற தினசரி வசூல் தாளை எழுதி மேனேஜரிடம் கையெழுத்து வாங்குவது வேலை. அந்த ஒற்றைத்தாள்தான் அன்றைய வசூலுக்குச் சாட்சி. தியேட்டர் ஆள் ஒரே டிக்கெட்டை இரண்டு தடவை விற்கிறானா என்று வாசலில் நின்று கிழித்த துண்டுகளை எண்ணிய கதையெல்லாம் அவரிடம் மணிக்கணக்கில் கேட்கலாம்.

அவர் அடிக்கடி சொல்வது இது: "முத வாரம் நமக்கு, மூணாவது வாரத்துலேர்ந்து தியேட்டர்காரனுக்கு. அவனுக்குத் தீபாவளியே நாலாவது வாரந்தான் தம்பி."

பங்கு முறை அப்படி. படம் வெளியான வாரத்தில் வசூலில் பெரிய பாகம் விநியோகஸ்தருக்கு, அடுத்தடுத்த வாரங்களில் அவர் பங்கு இறங்கி, தியேட்டரின் பங்கு ஏறும். பெரிய நட்சத்திரத்தின் படமென்றால் முதல் வாரத்தில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் விநியோகஸ்தர் பக்கம் போய்விடும். அதற்கும் மேலே கேட்டுத் தகராறு வந்து, படம் போட மாட்டோம் என்று தியேட்டர்காரர்கள் முறைத்துக்கொண்டதும் உண்டு. அந்தக் காலத்தில் இதைப் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம், படம் ஐம்பது நாள் ஓடும், நூறு நாள் ஓடும். முதல் வாரத்தில் விட்டதைப் பின்னால் பிடித்துக்கொள்ளலாம்.

இன்று பின்னால் என்று ஒன்று இல்லை. நாலு வாரத்தில் ஓடிடியில் வந்துவிடுகிறது. முதல் வெள்ளி, சனி, ஞாயிறோடு முக்கால்வாசிப் படங்களின் கதை முடிகிறது. தியேட்டர்காரர் சம்பாதிக்க வேண்டிய வாரங்கள் காலண்டரிலிருந்தே காணாமல் போய்விட்டன. ஏசி, கரண்ட் பில், ஆள் சம்பளம், மாலுக்கு வாடகை எதுவும் காணாமல் போகவில்லை. டிக்கெட்டை ஏற்ற அரசு விடாது, முதல் வாரப் பங்கைக் குறைக்க விநியோகஸ்தர் விடமாட்டார். யாரும் பங்கு கேட்காத, யாரும் வரம்பு கட்டாத பெரிய வரும்படி தீனிக் கவுண்ட்டர். பாப்கார்ன் காசில் தயாரிப்பாளருக்கோ விநியோகஸ்தருக்கோ ஒரு பைசா கிடையாது. நாம் இன்று பாப்கார்னுக்குக் கொடுப்பது அந்த நாலாவது வாரத்தின் வசூலைத்தான் என்பது என் அபிப்பிராயம்.

பிவிஆர் ஐநாக்ஸ் பங்குச் சந்தையில் இருப்பதால் அதன் கணக்கு வெளியே தெரிகிறது. 2023-24-இல் நாடு முழுக்கச் சராசரி டிக்கெட் விலை 259 ரூபாய், தலைக்குத் தீனிச் செலவு 132 ரூபாய். டிக்கெட் எடுத்த சின்னப் பிள்ளை முதல் பாப்கார்ன் பக்கமே போகாத என் மாமா வரை எல்லோரையும் சேர்த்த சராசரி அது. அப்படியென்றால் வாங்குகிறவர் எவ்வளவு கொடுக்கிறார் என்று பாருங்கள்.

இதைத் தெரிந்துகொண்டதும் எனக்குத் தியேட்டர்காரர்கள் மேல் கோபம் கொஞ்சம் குறைந்தது. முழுவதும் போகவில்லை. பெரிய படம் வரும்போது சில இடங்களில் தீனியோடு சேர்த்துத்தான் டிக்கெட் என்கிறார்கள். ஒரு பொங்கலுக்கு எனக்கே அப்படி நடந்தது, டிக்கெட் மட்டும் வேண்டும் என்றதற்கு "காம்போதான் சார் இருக்கு" என்று முகத்தைக்கூடப் பார்க்காமல் பதில் வந்தது. உச்சவரம்பைச் சுற்றிப் போகப் போட்ட குறுக்குச் சந்து இது. முதல் நாள் ரசிகர் காட்சி டிக்கெட் ஆயிரத்துக்கும் இரண்டாயிரத்துக்கும் கைமாறுவது ஊரறிந்த விஷயம். வரம்பு 150 என்று அரசாணையில் இருக்கும், அன்றைக்கு மட்டும் அது யார் கண்ணுக்கும் தெரியாது.

வெளித் தீனிக்குத் தடை விதிக்கலாமா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் பதில் சொல்லிவிட்டது. தியேட்டர் தனியார் இடம், தடை விதிக்க உரிமையாளருக்கு உரிமை உண்டு. ஆனால் குடிதண்ணீர் இலவசமாகக் கொடுக்க வேண்டும், கைக்குழந்தைக்குக் கொண்டுபோகும் உணவைத் தடுக்கக் கூடாது. ஆக, தண்ணீர் பாட்டில் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், குடிதண்ணீர் எங்கே என்று கேளுங்கள். பெரும்பாலும் கழிப்பறைப் பக்கம் ஒரு மூலையில் ஒளிந்திருக்கும். 2025 நவம்பரில் கர்நாடக டிக்கெட் விலை வழக்கு வந்தபோது, தண்ணீருக்கு நூறு, காபிக்கு எழுநூறா, இப்படிப் போனால் தியேட்டர் காலியாகத்தான் கிடக்கும் என்கிற மாதிரி அதே நீதிமன்றத்தில் நீதிபதிகள் கடிந்துகொண்டார்கள். கடிந்துகொண்டதோடு சரி, காபி விலை இறங்கவில்லை.

என்னை உண்மையில் உறுத்துவது உச்ச விலை அல்ல, அடி விலை மறைந்துபோனதுதான். எங்கள் ஊர்க் கொட்டகையில் தரை, பெஞ்சு, சேர் என்று மூன்று வகுப்பு. கையில் இருக்கும் காசுக்கு ஏற்ப உட்காரலாம், படம் எல்லோருக்கும் ஒன்றுதான். பின்னால் சென்னைக்கு வந்தபோது இங்கே பெரிய மல்டிபிளக்ஸிலும் முன்வரிசைக்குப் பத்து ரூபாய் டிக்கெட் இருந்தது. அரசு விதிப்படி வைத்தே ஆக வேண்டும். கவுண்ட்டரில் சீக்கிரம் போய் நின்றால் கிடைக்கும், கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்திருக்கிறோம். வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில் என்னைப் போன்றவர்களுக்கு அது பெரிய விஷயம். பத்து ரூபாய்க்கு வெளியே டீயும் வடையும்தான் கிடைத்தது, உள்ளே இரண்டரை மணி நேர ஏசி. அந்த முன்வரிசை இப்போதும் உண்டு, பத்து ரூபாய்க்கு அல்ல. ஆனால் ஒரு வரிசை, இரண்டு வரிசைதான்.

இன்னொரு பக்கம், மலிவான சீட்டு நிறைய வைத்திருந்த தனித் தியேட்டர்கள் ஒவ்வொன்றாக மூடுகின்றன. அசோக் நகர் உதயம் 2024-இல் போனது, பெரம்பூர் ஸ்ரீ பிருந்தா 2025-இல் போனது. இடத்தின் விலை அப்படி. அங்கே அடுக்குமாடி கட்டினால் கிடைப்பதைப் படம் ஓட்டி எந்தக் காலத்திலும் எடுக்க முடியாது. உதயத்தில் குடும்பத்தோடு படம் பார்த்துவிட்டு வெளியே தள்ளுவண்டியில் சாப்பிட்டு வீட்டுக்குப் போனவர்கள் இன்று மாலுக்குள் போனால் அதே படத்துக்கு மூன்று மடங்கு ஆகும். டிக்கெட் விலை ஏறாமலேயே செலவு ஏறியதில் இதற்கும் பெரிய பங்கு.

விலை குறைந்தால் ஜனம் வருமா என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2022 செப்டம்பர் 23, தேசிய சினிமா தினம் என்று நாட்டின் பல இடங்களில் 75 ரூபாய்க்கு டிக்கெட் கொடுத்தார்கள். அன்று ஒரே நாளில் 65 லட்சம் பேர் வந்ததாக மல்டிபிளக்ஸ் சங்கம் சொன்னது. அது வெள்ளிக்கிழமை, வேலை நாள். ஓடிடி வந்ததால் யாரும் தியேட்டருக்கு வருவதில்லை என்ற புலம்பலை நான் அதிலிருந்து பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

2025 செப்டம்பர் 22 முதல் நூறு ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்தது. நூறுக்கு மேலே பழைய 18-தான். சின்ன ஊர்த் தியேட்டர்களுக்கு இது நல்லது. மாலுக்குள் இருப்பவர்களும் வார நாள் பகல் காட்சிக்காவது நூறுக்குள் விலை வைத்துப் பார்க்கலாம். பாதி சீட் காலியாக ஓட்டுவதற்கு அது தேவலை, வருகிறவன் ஒரு காபியாவது குடிப்பான்.

போகிறேனா என்ற இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். போகிறேன், ஆனால் போகும் விதம் மாறிவிட்டது. முதல் வாரம் கிடையாது. இரண்டாவது வாரம் செவ்வாய், புதன் என்று போனால் கூட்டமும் இருக்காது, படம் எப்படி என்பதும் தெரிந்திருக்கும். படம் அத்தனை நாள் தியேட்டரில் தங்கினால்தான் அதுவும் நடக்கும். டிக்கெட்டைக் கவுண்ட்டரில்தான் வாங்குகிறேன். வேலை முடிந்து வரும் வழியில் மால் இருக்கிறது, 141 ரூபாய் மிச்சம். வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவோம், பிள்ளைகளுக்கு நடுவில் ஒரே ஒரு பாப்கார்ன் என்று பேச்சு, கோக் கிடையாது. பைக்கில் போக முடியாததால் மெட்ரோ. இப்படிப் போனால் நாலு பேருக்கு ஆயிரத்து இருநூறுக்குள் முடிந்துவிடுகிறது. மாமாவோடு போகிற நாளில் இன்னும் குறையும். அவர் இடைவேளையில் எழுந்திருக்கவே மாட்டார், உட்கார்ந்த இடத்திலிருந்தே திரும்பித் திரும்பிப் பார்த்து எத்தனை தலை என்று எண்ணிக்கொண்டிருப்பார்.