பழத்தோல் கஷாயம் ஈரல் புற்றுநோயைத் தடுக்குமா?

சித்தூர் மாங்கூழ் ஆலைகள் சீசனில் கழிக்கும் தோலையும் கொட்டையையும் காய்ச்சிக் குடித்தால் ஈரல் புற்றுநோய் வராதாமே என்று கேட்டிருக்கிறீர்கள்.

பேச்சு கிளம்பியது ஆய்வகத்திலிருந்து. மாந்தோலில் மாங்கிஃபெரின், மாதுளைத் தோலில் பியூனிகலாஜின் என்ற இயற்கை வேதிப்பொருள்கள் உண்டு. டைஎத்தில்நைட்ரோசமைன் என்ற நஞ்சை எலிக்குக் கொடுத்தால் ஈரலில் கட்டி வரும். மாதுளைச் சாரம் முன்கூட்டியே கொடுத்த எலிகளுக்குக் கட்டிகள் குறைந்தன. செல்லின் தற்காப்பைத் தூண்டும் என்ஆர்எஃப்2 புரதம் கூடியது, அழற்சி தணிந்தது.

சரி, அது எலி. சாரமும் அளந்து கொடுத்தது. மனிதரிடம் இது நிரூபணமாகவில்லை. வீட்டில் காய்ச்சினால் தோலில் ஒட்டிய பூச்சிமருந்தும் கூடவே வரும். நான் குடிக்க மாட்டேன்.

நிஜமாகவே காப்பது, ஈரலைத் தாக்கிப் புற்றுநோய் வரை கொண்டுபோகும் ஹெபடைட்டிஸ் பி வைரஸுக்கான தடுப்பூசி. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் இலவசமாகவே போடுகிறார்கள். அப்புறம் சாராயத்தை விடுவது.

இன்னொன்று, நம்ம பக்கத்து வேர்க்கடலை. சரியாகக் காயாமல் மூட்டை கட்டினால் பூஞ்சை பிடிக்கும். சுருங்கி, பச்சை பூத்து, கசக்கிற பருப்பில் அஃப்ளடாக்சின் இருக்கலாம். அது ஈரல் புற்றுநோயை உண்டாக்கும் நஞ்சு. வறுத்தாலும் முழுசாகப் போகாது. பொறுக்கி எறியுங்கள், செக்குக்கோ மாட்டுக்கோ தள்ளிவிட வேண்டாம்.